படுத்து எழுந்த பெரியவரின் கால்களுக்கு மறுபடியும் பலம் ஏற்ற: வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

நிமோனியா, டெங்கு, மாரடைப்பு, இடுப்பு எலும்பு முறிவு என்று காரணம் எதுவானாலும், மருத்துவமனையில் பத்துப் பதினைந்து நாள் படுத்துவிட்டு வீடு திரும்பும் எழுபது வயதுக்காரர்கள் பலரும் ஒரே குறையைச் சொல்வார்கள். நோய் போய்விட்டது, ஆனால் கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. "காலில் பலமே இல்லை" என்பார்கள். வீட்டார் அதை வயதின் கணக்கில் எழுதிவிட்டு, "நீங்கள் படுத்திருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சாப்பாடு, தண்ணீர், மாத்திரை எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுவருவார்கள். சில மாதங்களில் அவர் உண்மையாகவே படுத்த படுக்கையாகிவிடுவார். நோய் செய்யாததை ஓய்வு செய்துவிடுகிறது.

படுக்கை எவ்வளவு வேகமாகத் தசையைக் கரைக்கிறது என்பதற்கு அளந்து பார்த்த கணக்கு உண்டு. 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 67 வயதான, நோய் எதுவும் இல்லாத பன்னிரண்டு பேரைப் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். அந்தப் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை போயிற்று. நலமாக இருந்தவர்களுக்கே இந்த நிலை. காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்தவருக்கு இழப்பு இன்னும் அதிகம். எடை எந்திரம் இதைச் சரியாகக் காட்டாது. தசை குறைந்து கொழுப்போ நீரோ கூடினால் எடை அப்படியே இருக்கும்.

போனது திரும்புமா என்றால், திரும்பும். 1990-ல் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி 90 வயதுடைய மிகவும் நலிந்த ஒரு சிறு குழுவினருக்கு எட்டு வாரம் காலுக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேலே உயர்ந்தது. தொண்ணூறு வயதுத் தசையும் வேலை கொடுத்தால் வளர்கிறது. ஆனால் அந்த வேலை போதுமான அளவு கடினமாக இருக்க வேண்டும், வாராவாரம் கொஞ்சம் கூட வேண்டும், கூடவே தட்டில் புரதமும் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் வீட்டிலேயே எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியவை

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் கூட்டமும் அவசரமும் இருக்கும். ஆகவே கேள்விகளை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எலும்பு முறிவுக்கோ மூட்டு மாற்றுக்கோ அறுவை சிகிச்சை நடந்திருந்தால் முதல் கேள்வி: அந்தக் காலில் முழு எடையையும் ஊன்றலாமா, பாதிதானா, ஊன்றவே கூடாதா? இதற்கு விடை தெரியாமல் நிற்க வைக்கக் கூடாது. இடுப்பு மூட்டு மாற்றியவர் என்றால் தாழ்வான இருக்கை, சம்மணம், குந்துதல் ஆகியவற்றை எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

இதய நோயாளி என்றால் எந்த அளவு மூச்சு வாங்கலாம் என்று கேட்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதம் எவ்வளவு என்று கேட்காமல் உணவை மாற்றாதீர்கள். டயாலிசிஸ் செய்யாத சிறுநீரக நோயாளிக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள், டயாலிசிஸ் செய்பவருக்குக் கூட்டச் சொல்வார்கள். இன்சுலின் போடுபவருக்கும், கிளிமிப்பிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கும் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கக்கூடும். அவர்களை வெறும் வயிற்றில் பயிற்சி செய்ய வைக்கக் கூடாது.

மாத்திரைப் பெட்டியையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். நீண்ட நாள் எடுக்கும் ஸ்டீராய்டு தொடைத் தசையை மெலிய வைக்கும். தூக்க மாத்திரை நடையைத் தள்ளாட வைக்கும். படுக்கையில் இருந்தபோது எடை குறைந்தவருக்கு, பழைய அளவிலேயே தொடரும் ரத்த அழுத்த மாத்திரை அதிகமாகிவிடலாம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், ஆனால் கேளுங்கள்.

எங்கே நிற்கிறோம் என்று அளந்துகொள்ளுதல்

ஒரு நோட்டுப் புத்தகமும், கைபேசியில் இருக்கும் நொடிக் கடிகாரமும் போதும். கைப்பிடி இல்லாத, உறுதியான, சுமார் 17 அங்குல உயர நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பெரியவர் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடிக்குள் எத்தனை முறை முழுவதும் எழுந்து நின்று உட்காருகிறார் என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் தாங்குவதற்குத் தயாராக நிற்க வேண்டும். 70 முதல் 74 வயதுக்குள் ஆண் 12-க்குக் குறைவாகவும் பெண் 10-க்குக் குறைவாகவும் எழுந்தால், 80 முதல் 84 வயதுக்குள் ஆண் 10-க்கும் பெண் 9-க்கும் குறைவாக எழுந்தால், விழும் அபாயம் கூடியிருக்கிறது என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அட்டவணை சொல்கிறது. கை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லை என்றால் பூஜ்யம் என்றே எழுதுங்கள். பூஜ்யத்தில் தொடங்குபவர்கள் ஏராளம். அது ஓர் ஆரம்பப் புள்ளி, அவ்வளவுதான்.

கெண்டைக்காலின் பருத்த பகுதியை இஞ்சு டேப்பால் சுற்றி அளந்து குறித்துக்கொள்வதும் நல்லது. ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்கும் கீழே இருந்தால், தசை குறைந்திருக்கிறதா என்று மேலும் பார்க்க வேண்டும் என்பது ஆசிய மருத்துவக் குழு 2019-ல் வகுத்த அளவு. காலில் நீர் கோத்திருந்தால் இந்த அளவை நம்ப வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்யுங்கள். நான்கு என்பது ஆறாக மாறுவதைப் பெரியவர் தம் கண்ணால் பார்க்கும்போது வரும் உற்சாகத்தை, "நல்ல முன்னேற்றம் தெரிகிறது" என்று நாம் சொல்வதால் கொடுக்க முடியாது.

இன்னும் கட்டிலில்தான் இருக்கிறார் என்றால்

எழும் பலம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. படுத்தபடியே பாதத்தைத் தன்னை நோக்கி இழுத்து, பிறகு கீழ்நோக்கி அழுத்தலாம். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கட்டிலோடு அழுத்தி ஐந்து நொடி பிடித்து விடலாம். இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதத்தை ஊன்றி, பிட்டத்தை மெத்தையிலிருந்து மேலே தூக்கி இறக்கலாம். இந்தக் கடைசிப் பயிற்சிதான் படுக்கையில் செய்யக்கூடியவற்றில் மிகப் பயனுள்ளது. ஒவ்வொன்றையும் எட்டுப் பத்து முறை, காலை, மதியம், மாலை செய்யட்டும். அப்போது மூச்சை அடக்கக் கூடாது. வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு தானாக வெளியே போகும்.

அடுத்து, உட்கார வைப்பது. மூன்று வேளை உணவையும் கால் தரையில் படும்படி கட்டில் ஓரத்திலோ நாற்காலியிலோ உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று வீட்டில் ஒரு விதி வைத்துவிடுங்கள். முதுகும் வயிறும் கழுத்தும் வேலை செய்யத் தொடங்குவது அங்கேதான். புரையேறுவதும் குறையும்.

படுக்கையிலிருந்து நேராக எழுப்பி நிறுத்தாதீர்கள். நீண்ட நாள் படுத்தவருக்கு எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கும், கண் இருட்டும். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை அசைத்து, பிறகு நிற்கட்டும். வீட்டில் ரத்த அழுத்தக் கருவி இருந்தால் படுத்தபடி ஒன்றும், நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒன்றும் எடுத்துப் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

நாற்காலியிலிருந்து எழுவது: எல்லாவற்றிலும் முக்கியமான பயிற்சி

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். படுக்கையில் முதலில் மெலிவது புவியீர்ப்பை எதிர்த்து நம்மை நிமிர்த்தி வைக்கும் தசைகள்தான்: தொடையின் முன்தசை, பிட்டம், கெண்டைக்கால், முதுகு. நாற்காலியிலிருந்து எழும்போது இவற்றில் பெரும்பாலானவை ஒன்றாக வேலை செய்கின்றன. மேலும், கழிப்பறைக்கு ஒருவர் துணையில்லாமல் போய் வருவதா, வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பதும் இந்த ஓர் அசைவுதான்.

நாற்காலியைப் பற்றி முதலில். நம் வீடுகளில் இருக்கும் லேசான பிளாஸ்டிக் நாற்காலி இதற்கு ஆபத்தானது. டைல்ஸ் தரையில் வழுக்கும், கால் வளையும். மரத்தாலோ இரும்பாலோ ஆன கனமான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். தொடக்கத்தில் கைப்பிடி இருப்பது நல்லது. உயரம் போதாவிட்டால் உறுதியான தலையணையையோ மடித்த ஜமக்காளத்தையோ போட்டு உயர்த்துங்கள். இருக்கை எவ்வளவு உயரமோ அவ்வளவு எளிது. வழுக்கும் ரப்பர் செருப்போ சாக்ஸோ வேண்டாம். வெறும் கால், அல்லது பின்னால் பட்டை உள்ள செருப்பு. வேட்டி, சேலையின் ஓரம் காலில் சிக்காதபடி சற்று மேலே ஏற்றிக் கட்டிக்கொள்ளட்டும்.

எழும் முறை இது. இருக்கையின் முன் விளிம்புக்கு நகர வேண்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, தோள் அகலத்துக்கு வைக்க வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து, பிறகு தரையை அழுத்தி எழ வேண்டும். பெரியவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்தச் சாய்வில்தான். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் உடம்பைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு எழப் பார்ப்பார்கள். அப்படி யாராலும் எழ முடியாது. எழுந்த பின் ஒரு நொடி நிமிர்ந்து நின்று, பிறகு மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழக் கூடாது. இறங்கும்போது தசை செய்யும் வேலை, ஏறும்போது செய்யும் வேலைக்குக் குறைந்ததல்ல. மெதுவாக இறங்குவதை வற்புறுத்துங்கள். அதோடு, தொப்பென்று உட்கார்வதால் முதுகெலும்பு நசுங்கும் அபாயமும் குறையும்.

உதவுபவர் கையைப் பிடித்து இழுக்கவோ அக்குளில் கை கொடுத்துத் தூக்கவோ கூடாது. அவருடைய தோள் பிசகும், உங்கள் இடுப்பு பிடிக்கும், அவருடைய கால்களுக்கு வேலையே இருக்காது. அவர் இடுப்பில் அகலமான, பக்கிள் உள்ள துணி பெல்ட்டைக் கட்டி, பின்பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நில்லுங்கள். அவரால் முடியாத அளவுக்கு மட்டும் கை கொடுங்கள்.

எத்தனை முறை என்று கேட்பார்கள். அவருக்கு ஏற்ற உயரத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. எட்டுப் பத்து முறை எழ முடிந்து, கடைசி இரண்டு மூன்று கடினமாக இருந்து, "இன்னும் இரண்டு வேண்டுமானால் செய்யலாம், அதற்கு மேல் முடியாது" என்று தோன்றும் உயரமே சரியானது. இரண்டு நிமிட இடைவெளி விட்டு இப்படி இரண்டு அல்லது மூன்று சுற்று. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இருபது முறை சிரமமே இல்லாமல் எழுந்து உட்கார்ந்தால் பலம் பெரிதாகக் கூடாது.

கடினத்தைக் கூட்டும் வரிசை: இரண்டு கைகளையும் ஊன்றி எழுவது, ஒரு கை, கை கட்டிக்கொண்டு, தலையணையை எடுத்துவிட்டு, இன்னும் மெதுவாக இறங்கி, பிறகு மார்போடு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அணைத்துக்கொண்டு. ஒரு லிட்டர் பாட்டில் என்பது 1 கிலோ. பிறகு இரண்டு பாட்டில், துணிப்பையில் மூன்று கிலோ அரிசி என்று ஏற்றலாம். மூன்று சுற்றும் பத்துப் பத்து வந்துவிட்டால் அடுத்த நிலைக்கு ஏறுங்கள், இல்லையென்றால் அதே நிலையில் இருங்கள். இதை நோட்டில் எழுதாமல் நினைவில் வைத்துச் செய்பவர்கள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

கூடச் சேர்க்க வேண்டியவை

முதல் இரண்டு வாரம் நாற்காலிப் பயிற்சி மட்டுமே போதும். அதன் பிறகு சிலவற்றைச் சேர்க்கலாம். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது கெண்டைக்காலுக்கு. அதே மேடையைப் பிடித்தபடி ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டித் தூக்குவது, பக்கவாட்டில் நண்டு நடை நடப்பது, இரண்டும் இடுப்பின் வெளிப்பக்கத் தசைக்கு. நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து ஆடுவதை நிறுத்துவது அந்தத் தசைதான். நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் அரை கிலோ எடைப்பட்டை கட்டி முழங்காலை நீட்டலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் பட்டை இல்லையென்றால் நீளமான துணிப்பையின் இரு முனையிலும் மணலைச் சமமாக நிரப்பி நடுவில் கட்டிக்கொள்ளலாம். கைக்குச் சுவரில் உள்ளங்கையை ஊன்றித் தள்ளுவதும், ஜன்னல் கம்பியில் மாட்டிய ரப்பர் பட்டையைத் தன் பக்கம் இழுப்பதும் போதும்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய வீட்டுப் பயிற்சித் திட்டம் ஒன்று இப்போது உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. அதில் இருப்பதும் கணுக்கால் எடை, சமநிலைப் பயிற்சி, நடை ஆகியவைதான். பெரியவர்கள் விழுவதை அது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அதில் சமநிலைப் பயிற்சியும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மேடையை லேசாகத் தொட்டபடி ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்துப் பத்து நொடி நிற்பது, பிறகு அப்படியே வரிசையாக நடப்பது, பிறகு ஒற்றைக் காலில் நிற்பது. பிடிமானம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இவை எதையும் செய்யக் கூடாது.

நடைப்பயிற்சி போதாதா?

அப்பா தினமும் மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடக்கிறாரே, அது போதாதா என்று கேட்காத வீடு இல்லை. நடை மிக நல்லது. இதயத்துக்கு, சர்க்கரைக்கு, மனத்துக்கு, தூக்கத்துக்கு. ஆனால் போன கால் பலத்தை அது மட்டும் முழுதாக மீட்டுத் தராது, ஏனென்றால் நடையில் சுமை கூடுவதில்லை. டென்மார்க்கில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தார் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு காலை இரண்டு வாரம் அசையாமல் கட்டி வைத்தார்கள். பிறகு ஆறு வாரம் சைக்கிள் மிதிக்கச் செய்தார்கள். ஆறு வாரத்துக்குப் பின்னும் கால் பலம் முழுமையாகத் திரும்பவில்லை. இரண்டு வாரத்தில் போன பலத்தை ஆறு வாரச் சைக்கிளாலேயே முழுதாக மீட்க முடியவில்லை என்றால், மெதுவான நடை எம்மாத்திரம்? உலக சுகாதார நிறுவனமும் 65 வயதைக் கடந்தவர்களுக்கு நடை போன்றவற்றோடு வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்றே 2020-ல் எழுதியிருக்கிறது.

ஆகவே பளுப் பயிற்சி இல்லாத நாள்களில் நடக்கட்டும். வீட்டுக்குள் ஐந்து நிமிடம் மூன்று முறை என்று தொடங்கி, தெரு முனை, கோயில், கடை என்று நீட்டுங்கள். வாக்கரோ ஊன்றுகோலோ தேவைப்பட்டால் தயங்காமல் கொடுங்கள். கோலின் உயரம் அவருடைய மணிக்கட்டு மடிப்புக்குச் சமமாக இருக்க வேண்டும்.

தட்டில் என்ன இருக்கிறது

இங்கேதான் நம் வீடுகள் அதிகம் சறுக்குகின்றன. உடம்பு தேறும் காலத்தில் நாம் கொடுப்பது கஞ்சி, ரசம் சாதம், இடியாப்பம், பிஸ்கட், ரொட்டி. எல்லாம் மாவுச்சத்து. எளிதில் செரிக்கும், தசைக்கு ஒன்றும் தராது. பத்தியம் என்ற பெயரில் முட்டையும் தயிரும் மீனும் விலக்கப்படுகின்றன. தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் பொருளையே தடுக்கும் இந்தப் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மருத்துவர் காரணம் சொல்லித் தடுத்தாலொழிய இவை எல்லாம் வேண்டும்.

நலமான முதியவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதமும், நோயிலிருந்து தேறுபவருக்கு 1.2 முதல் 1.5 கிராமும் தேவை என்பது முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்களின் பரிந்துரை. 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 60 முதல் 75 கிராம். வயதான தசைக்கு இன்னொரு குணமும் உண்டு. சிறுகச் சிறுக வரும் புரதத்துக்கு அது சரியாக அசைந்துகொடுக்காது. ஒரு வேளையில் 25 கிராம் அளவு வந்தால்தான் வளரத் தொடங்கும். மதியம் மட்டும் மீன், காலையும் இரவும் வெறும் இட்லி என்ற முறை அதனால்தான் போதாது.

கணக்குப் போட எளிய அளவுகள்: ஒரு முட்டை 6 கிராம். ஒரு டம்ளர் பால் 6. மூன்று இட்லியும் கெட்டிச் சாம்பாரும் சேர்ந்து 9 அளவில். 100 கிராம் மீன் 18 முதல் 20. பன்னீர் 50 கிராமில் 9. அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 7. உலர்ந்த மீல் மேக்கர் 30 கிராமில் 15. இதிலிருந்தே ஒரு நாளை அமைத்துவிடலாம். காலையில் இட்லியோடு இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும், மதியம் சோறு, மீன் குழம்பில் இரண்டு நல்ல துண்டு, ஒரு கிண்ணம் தயிர், மாலையில் சுண்டல், இரவு தோசையோடு பன்னீரோ முட்டையோ. 70-ஐத் தாண்டிவிடும். சைவம் என்றால் காலையில் பருப்பு பாதி அரிசி பாதி போட்ட அடையும் பாலும், மதியம் மீல் மேக்கர் கூட்டும் கெட்டிப் பருப்பும் தயிரும். பருப்புத் தண்ணீர் பருப்பாகாது. அடியில் நிற்கும் கெட்டிப் பருப்பைக் கொடுங்கள்.

பல் இல்லாதவருக்கு உளுந்தங்களி, பாசிப்பருப்புக் கஞ்சி, சுறாப்புட்டு, கலக்கிய முட்டை, மசித்த சுண்டல், முள் நீக்கிய மீன். பசியே இல்லாதவருக்குச் சாப்பாட்டின் அளவைக் கூட்டுவதைவிட, இருக்கும் சாப்பாட்டைச் செறிவாக்குவது எளிது. கஞ்சியைத் தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சுங்கள், அதில் வறுத்த நிலக்கடலைப் பொடியைக் கலந்துவிடுங்கள். சோற்றுக்கு முன் முட்டையைக் கொடுங்கள், பிறகு கொடுத்தால் வயிறு நிறைந்துவிட்டது என்பார்.

ஆட்டுக்கால் சூப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கால் பலத்துக்குக் கால் சூப் என்ற நம்பிக்கை ஆழமானது. சூடாக இருக்கும், நாக்குக்கு ருசி, பசியைத் தூண்டும், நீரும் உப்பும் சேரும். குடிக்கட்டும். ஆனால் அதில் கரைந்திருப்பது பெரும்பாலும் ஜெலட்டின். தசை கட்டத் தேவையான அமினோ அமிலங்களில் சில அதில் மிகக் குறைவு, ஒன்று இல்லவே இல்லை. சூப்போடு இரண்டு முட்டை சாப்பிட்டால்தான் கணக்கில் வரும். டப்பாவில் வரும் சத்து பானங்களுக்கும் இதே எச்சரிக்கை: அட்டையில் புரத அளவையும் சர்க்கரை அளவையும் படித்துவிட்டு வாங்குங்கள். 1994-ல் அதே பாஸ்டன் ஆய்வாளர்கள் முதியோர் இல்லத்தில் 100 பேரிடம் செய்த ஆய்வில், பயிற்சி செய்தவர்களின் பலம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பயன் கிட்டவில்லை. உணவு செங்கல் என்றால் பயிற்சிதான் கொத்தனார்.

வைட்டமின் டி குறைபாடு நம் ஊர் வெயிலிலும் பரவலாக இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே கிடந்தவருக்குக் கேட்கவே வேண்டாம். ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொன்ன அளவு மட்டும்.

வேலையைத் திருப்பிக் கொடுங்கள்

வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரப் பயிற்சி செய்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் கட்டிலில் கிடந்தால் பயன் பாதியாகும். தண்ணீர்ச் சொம்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காமல் பத்தடி தள்ளி மேசையில் வையுங்கள். குடிக்க மறந்துவிடாமல் நினைவுபடுத்துங்கள், எடுத்துக் கொடுக்காதீர்கள். கீரை ஆய்வது, துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பூஜைக்குப் பூ பறிப்பது என்று அவர் முன்பு செய்த வேலைகளை ஒவ்வொன்றாக அவரிடமே திருப்பிக் கொடுங்கள். பார்த்துக்கொண்டு நிற்பது கடினம். அவர் சட்டைப் பொத்தானைப் போட ஐந்து நிமிடம் எடுக்கும்போது நம் கை தானாக நீளும். நீட்டாதீர்கள். உறவினர் வந்து, "வயசானவரைப் போய் இப்படி வேலை வாங்குகிறீர்களே" என்பார்கள். அன்பால்தான் சொல்கிறார்கள். அவர்களை உட்கார வைத்து விளக்குங்கள்.

விழாமல் இருக்க வீட்டையும் திருத்த வேண்டும். குளியலறைத் தரை ஈரமில்லாமல் இருப்பது, கழிப்பறைச் சுவரில் உறுதியான கைப்பிடிக் கம்பி, இரவில் எரியும் சிறு விளக்கு, சுருளும் மிதியடிகளை எடுத்துவிடுவது. இந்தியக் கழிப்பறை மட்டும் உள்ள வீட்டில் தற்காலிகமாகக் கமோடு நாற்காலி வாங்கிப் போடுங்கள்.

"எனக்கு எதற்கு இனிமேல் இதெல்லாம்?" என்று மறுப்பவரிடம் தசை, புரதம் என்று பேசிப் பயனில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். குலதெய்வம் கோயில் படி ஏற வேண்டுமா, பேத்தி கல்யாணத்தில் நின்று அட்சதை போட வேண்டுமா, பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போக வேண்டுமா? அதையே இலக்காக நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் ஒடுங்கிக் கிடந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

எப்போது நிறுத்துவது, எங்கே உதவி கேட்பது

பயிற்சிக்கு அடுத்த ஓரிரு நாள் தொடையில் வலி இருப்பது இயல்பு. மூட்டில் வலி வந்து மறுநாளும் நீடித்தால் அளவைக் குறையுங்கள். நெஞ்சு வலி, ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத் திணறல், மயக்கம், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, அறுவை செய்த இடுப்பில் திடீர் வலி: இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒற்றைக்கால் வீக்கம் ரத்தக் கட்டியாக இருக்கலாம், அதைத் தேய்த்துவிடவே கூடாது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) கொடுக்கும் சேவையும் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ பெயரைப் பதியச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டியில் 2024-ல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் உண்டு. பக்கவாதம், பார்கின்சன், அண்மையில் எலும்பு முறிவு ஆகியவை உள்ளவருக்கு இயன்முறை மருத்துவர் ஒருமுறையாவது பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

முதல் சில வாரங்களில் பலம் கூடுவது தெரியும், ஆனால் கால் பருக்காது. நரம்புகள் தசையை நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வரும் பலம் அது. தசை கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பத்து நாள் படுத்ததற்கு மூன்று மாத உழைப்பா என்று சலிப்பு வரத்தான் செய்யும். ஆனால் இடையில் விட்டால் கூடியது மறுபடி குறையும். பழைய பலம் திரும்பிய பின்னும் வாரம் இரண்டு நாளாவது தொடர வேண்டும்.

நன்றாகத் தேறி, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுபவருக்குக் கடைசியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியது, தரையில் உட்கார்ந்து எழுவது. முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் மருத்துவர் அனுமதியில்லாமல் இதைச் செய்யக் கூடாது. மற்றவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்து, கட்டிலைப் பிடித்து ஒரு முழங்காலை ஊன்றி, மறு முழங்காலையும் ஊன்றி, பக்கவாட்டில் உட்கார வேண்டும். எழும்போது தவழும் நிலைக்கு வந்து, கட்டிலைப் பிடித்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். என்றாவது வீட்டில் தனியாக இருக்கும்போது விழுந்தால், உதவி வரும்வரை மணிக்கணக்கில் தரையில் கிடக்காமல் தானே எழ இது கைகொடுக்கும்.

நடுவில் மறுபடி காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து படுக்க நேர்ந்தால், காய்ச்சல் இருக்கும் நாள்களில் பளுப் பயிற்சி வேண்டாம். பாதத்தை அசைப்பதும், உட்கார்ந்து சாப்பிடுவதும் மட்டும் தொடரட்டும், முட்டையும் பாலும் நிற்க வேண்டாம். காய்ச்சல் விட்ட மறுநாளே நாற்காலிக்குக் கொண்டுவாருங்கள். நோட்டில் கடைசியாக எழுதிய அளவில் பாதியில் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் பழைய அளவுக்கு ஏற்றுங்கள்.